சி-க்கும் டி-க்கும் நடுவே ஒரு வரப்பு

உங்கள் கம்ப்யூட்டரில் சி டிரைவ் இருக்கிறது. சிலருக்கு டி-யும் இருக்கும். வசதியான குடும்பம் என்றால் ஈ, எஃப் வரை போகும். ஏ-யும் பி-யும் எங்கே போயின என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

காலமாகிவிட்டன. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனியின் பி.சி. வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. அதிகபட்சம் இரண்டு ஃப்ளாப்பி டிரைவ். மூத்தது ஏ, இளையது பி. 1983-ல் எக்ஸ்.டி. என்று அடுத்த மாடல் வந்தது. அதில் 10 மெகாபைட்டுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்தார்கள். (பத்தே பத்து மெகாபைட். இன்றைய செல்போனில் பக்கத்து வீட்டுப் பாப்பாவை மூன்று போட்டோ எடுத்தால் நிரம்பிவிடும்.) முதல் இரண்டு எழுத்தும் ஏற்கெனவே ரிசர்வ் ஆகிவிட்டதால் புதிதாக வந்தவருக்கு சி கிடைத்தது. ஃப்ளாப்பி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அந்த இரண்டு எழுத்தையும் விண்டோஸ் தானாக வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. தாத்தாவின் ஈஸி சேர் மாதிரி. நாமாகக் கேட்டு வாங்கி உட்கார்ந்தால்தான் உண்டு.

இந்த வாரம் சி-யைப் பற்றி அல்ல, அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரான டி-யைப் பற்றி. ஒரே ஹார்ட் டிஸ்க்கை இரண்டு மூன்றாக வெட்டுவதற்குப் பார்ட்டிஷன் என்று பெயர். நம் ஊர் பாஷையில் பாகப்பிரிவினை. (1959-ல் வந்த சிவாஜி படம் வேறு.) இதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம், தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே ஒரு சர்வேயர் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கூப்பிடும் முன் அவருடைய குணம் தெரிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர்தான். ஆனால் கொஞ்சம் பிடிவாதக்காரர்.

முதலில் பதிவேடு. வயலைப் பார்த்தால் ஒரே மண்தான். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை இன்னாருக்கு என்பது கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. உள்ளே சுவர் ஒன்றும் கிடையாது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட் இடம் ஒதுக்கி, 'இத்தனாம் நம்பரிலிருந்து இத்தனை தூரம் இவருடையது' என்று எழுதி வைத்திருக்கிறது. ஒருவருடைய விவரம் எழுத 16 பைட் வேண்டும். 64-ஐ 16-ஆல் வகுத்தால் நாலு. அதனால் ஒரு டிஸ்க்கில் நாலு வாரிசுக்கு மேல் கிடையாது என்று 1983-ல், டாஸ் 2.0 காலத்தில் ஆனது. எஃப்டிஸ்க் என்ற வெட்டும் கருவியும் அதே டாஸில்தான் வந்தது. அஞ்சாவது பிள்ளை பிறந்தால்? நாலு வரியில் ஒன்றை 'மற்றவை அடுத்த பக்கம் பார்க்க' என்று மாற்றினார்கள். எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் என்று அதற்குப் பெயர். நம் தாலுகா ஆபீஸ்களுக்குப் பழக்கமான தீர்வுதான்.

அந்தப் பதிவேட்டின் இன்னொரு குறை, ஒரு வரியில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணே 2 டெராபைட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நிலம் இருந்தாலும் பட்டா போட வழியில்லை. பிறகு வந்த ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 வரிகள் தருகிறது. டிஸ்க்கின் கடைசியில் பதிவேட்டின் நகல் ஒன்றும் இருக்கிறது, சார்பதிவாளர் ஆபீஸில் இருப்பது மாதிரி. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ஓடு வாங்கிய மெஷின் என்றால் உங்களுடையது அநேகமாக இந்தப் புது முறைதான்.

சரி, ஏன் வெட்டுகிறோம்?

முதலில் வேறு வழியில்லாமல் வெட்டினோம். ஃபேட்16 என்ற பழைய கணக்குமுறையில் ஒரு டிரைவ் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. 4 ஜிபி டிஸ்க் வாங்கினவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சி, டி என்று வெட்டித்தான் ஆக வேண்டும். இடம் வீணாவது வேறு. 2 ஜிபி டிரைவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 கேபி, 32 கேபியாகத்தான் இடம் அளந்து கொடுக்கும். நாலு வரியில் லீவ் லெட்டர் அடித்தாலும் 32 கேபி போயிற்று. ஒரு இட்லிக்கு ஒரு வாழையிலை போடுகிற கல்யாண வீடு. டிரைவைச் சின்னதாக வெட்டினால் இலையும் சின்னதாகும். அதற்காகவே வெட்டினவர்கள் உண்டு.

1996-ல் ஃபேட்32 வந்தது. அந்தக் கட்டாயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. திவசத்தன்று குறுக்கே ஓடிய பூனையைத் தாத்தா கூடையால் கவிழ்த்து வைத்தார் என்பதற்காக, பேரன் தெருத்தெருவாக அலைந்து பூனை வாங்கி வந்து கவிழ்த்து வைத்த கதை தெரியுமல்லவா? ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்தப் பேரன் ரகம். சி-யில் விண்டோஸ், டி-யில் டாக்குமென்ட்ஸ், ஈ-யில் சாங்ஸ், எஃப்-ல் கேம்ஸ். இப்படி நாலு முழம் துணியைக் கைக்குட்டை கைக்குட்டையாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வருஷம் கழித்து சி-யில் மூச்சு முட்டும், எஃப்-ல் காற்று வாங்கும்.

வெட்டுவதால் லாபமே இல்லை என்று சொல்லமாட்டேன். விண்டோஸ் மொத்தமாகப் படுத்துக்கொண்டால் சி-யை மட்டும் அழித்துப் புதிதாகப் போடலாம். டி-யில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். லினக்ஸை ஒரு கை பார்க்க ஆசையிருந்தால் அதற்குத் தனி இடம் வேண்டும். இந்த இரண்டும் நியாயமான காரணங்கள். 'சி சின்னதாக இருந்தால் ஸ்பீடு' என்பதில் சுழலும் டிஸ்க்கில் ஏதோ கொஞ்சம் உண்மை இருந்தது. வட்டத்தின் வெளி விளிம்பில் எழுதுவது வேகம், சி-க்கு அந்த இடம் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யில் வட்டமும் இல்லை விளிம்பும் இல்லை. உங்களிடம் இருப்பது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. என்றால் என் அபிப்பிராயம், தயவு செய்து வெட்டாதீர்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்சம் கேட்பதே 64 ஜிபி. அப்டேட் வந்தால் இன்னும் கேட்கும். மீதியில் வரப்பு போட்டால் இரண்டு பக்கமும் கால் நீட்ட முடியாது.

* * *

எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவர். சுறுசுறுப்பானவர். போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், சி டிரைவ் செவப்பாயிடுச்சு."

காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் நீலப் பட்டை சிவப்பாகும். விண்டோஸுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

"டி-ல எடம் இருக்கா?"

"கொள்ளை எடம் சார். முந்நூறு ஜிபி சும்மா கெடக்கு. அதுலேர்ந்து கொஞ்சம் மோந்து இதுல ஊத்த முடியாதா?"

"ஊத்தலாம். மொதல்ல பேக்கப் எடுத்தாச்சா தம்பி?"

"அதெல்லாம் பக்காவா வெச்சிருக்கேன் சார்."

"எங்கே?"

"டி டிரைவ்லதான்."

இந்த வாரக் கட்டுரையே இந்த ஒரு பதிலுக்காகத்தான். இதைச் சொல்லாத ஆபீஸ் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு நடுவில் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டால் அது இரண்டு வீடு ஆகிவிடாது. கூரை ஒன்று, அஸ்திவாரம் ஒன்று. சி-யும் டி-யும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஒரே மோட்டார், ஒரே சர்க்யூட் போர்டு. அது எரிந்தால் இரண்டும் சேர்ந்துதான் எரியும். லேப்டாப்பை பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கினால் டி மட்டும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வராது. ஃபைலையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸும் சி-யோடு நின்று 'வரப்பு தாண்டக்கூடாது' என்று கும்பிட்டுவிட்டுப் போவதில்லை.

டி-யில் என்னென்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தோம். கல்யாண போட்டோ. மூன்று வருஷ ஆபீஸ் கணக்கு. சினிமா, தேவைக்கு மேலேயே. நடுவில் 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே பதினோரு ஆடியோ ஃபைல்.

அப்பா 2021-ல் தவறிவிட்டார். பழைய போனில் ரிக்கார்ட் ஆகியிருந்த கால்கள் அவை. போன் இப்போது இல்லை. பதினொன்றில் ரொம்ப நீளமானது நாற்பது செகண்ட். பெரும்பாலும் கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிறார்.

"இது வேற எங்கயும் இல்லையா?"

"இல்ல சார்."

அன்றைக்கு வரப்பு வெட்டவில்லை. அடுத்த நாள் அவர் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கி வந்தார். டி முழுவதையும் அதில் காப்பி செய்ய ஒரு மதியம் ஆயிற்று. காப்பி செய்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும். அப்புறம் டிஸ்க்கைப் பிடுங்கி வேறொரு மெஷினில் செருகித் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தார். அந்தப் பதினொன்றையும் பக்கத்து சீட் மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். செக்‌ஷனில் கொஞ்ச நேரம் யாரும் கீபோர்டைத் தட்டவில்லை.

பிறகு அந்த டிஸ்க்கைப் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டச் சொன்னேன். ஏன் என்று பின்னால் வருகிறது.

* * *

இப்போது சர்வேயரைக் கூப்பிடலாம். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்யுங்கள். வருகிற பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட். திறந்தால் கீழ்ப் பாதியில் டிஸ்க் ஸீரோ என்று உங்கள் நிலம் நீளவாக்கில் படம் போட்டிருக்கும். கடையில் 500 ஜிபி என்று சொல்லிக் கொடுத்தது இங்கே 465 என்று காட்டும். கடைக்காரரைத் திட்டாதீர்கள். டிஸ்க் செய்கிறவருக்கு கிலோ என்றால் 1000, விண்டோஸுக்கு 1024. படி வேறு, அரிசி அதே.

சி-க்கு முன்னால் ஈ.எஃப்.ஐ. என்று சிறிதாக ஒரு துண்டு இருக்கும். கடைசியிலோ நடுவிலோ ரெக்கவரி என்று இன்னொன்று. முன்னது இல்லாமல் மெஷின் எழுந்திருக்காது. பின்னது, எழுந்திருக்காத அன்றைக்கு வைத்தியம் பார்ப்பது. சுடுகாட்டுப் பாதையும் கோயில் நிலமும் மாதிரி. இரண்டிலும் கை வைக்க வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டும் சாமானியத்தில் விடாது.

நம் நண்பர் சி-யை ரைட் கிளிக் செய்தார். எக்ஸ்டென்ட் வால்யூம் என்பது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

"டி-யை ஷ்ரிங்க் பண்ணா வந்துடும்னு சொன்னாங்களே சார்?"

வராது. இங்கேதான் சர்வேயரின் பிடிவாதம். அவருக்கு வலது பக்கத்து வரப்பை மட்டும்தான் நகர்த்தத் தெரியும். இடது பக்கத்து வரப்பைத் தொடமாட்டார். டி-யைக் குறைத்தால் காலியிடம் டி-யின் வலது கோடியில் விழும். சி-க்கும் அந்த இடத்துக்கும் நடுவில் டி மலை மாதிரி உட்கார்ந்திருக்கும். சி-க்குத் தன் வலது எல்லையை ஒட்டிய காலியிடம்தான் வேண்டும், தெருக்கோடியில் இருப்பது உதவாது. டி-யின் இடது வரப்பை நகர்த்த மறுப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு டிரைவின் கணக்கெல்லாம் அதன் ஆரம்பத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது. எந்த ஃபைல் எங்கே என்பது 'தொடக்கத்திலிருந்து இத்தனாவது கட்டம்' என்றுதான் எழுதியிருக்கும். தொடக்கமே நகர்ந்தால் உள்ளே இருக்கும் அத்தனையையும் அள்ளி நகர்த்தியாக வேண்டும். பாதியில் கரண்ட் போனால் அவ்வளவுதான். வெளியில் கிடைக்கும் சில சாஃப்ட்வேர்கள் துணிந்து செய்கின்றன. மைக்ரோசாஃப்ட் அந்த வம்புக்குப் போகவில்லை.

இந்த இடத்தில் சிலர் மெனுவில் கண்ணை ஓட்டி டைனமிக் டிஸ்க் என்ற சொல்லைக் கண்டு குதிப்பார்கள். ஒட்டாத இரண்டு துண்டையும் ஒரே டிரைவாகக் காட்டும் பழைய ஏற்பாடு அது. அந்த வழியை மைக்ரோசாஃப்டே கைகழுவிவிட்டது. கேட்டால் 'நோ' சொல்லுங்கள்.

ஆக, நேர்மையான வழி ஒன்றுதான். டி-யை அழிப்பது. சி-யை நீட்டுவது. மீதியில் புது டி கட்டுவது. காப்பி எடுத்து, திறந்து பார்த்து, டிராயரில் பூட்டியவருக்கு மட்டும் இது வழி. மற்றவர்கள் இதற்கு மேல் சும்மா படித்துக்கொண்டு போகலாம்.

டி-யின் மேல் ரைட் கிளிக், டெலிட் வால்யூம். 'எல்லாம் அழியும், சம்மதமா?' என்று ஒரு முறை கேட்கும். நண்பரின் விரல் மௌஸின் மேல் ஒரு நிமிஷம் நின்றது. டிராயரைப் பார்த்தார். அழுத்தினார். நீலமாக இருந்த டி-யின் தலை கறுப்பாயிற்று. அன்அலோகேட்டட், அதாவது புறம்போக்கு. இப்போது சி-யை ரைட் கிளிக் செய்தால் எக்ஸ்டென்ட் வால்யூம் உயிரோடு எழுந்திருந்தது. 150 ஜிபி கேட்டார். அந்தக் கட்டத்தில் மெகாபைட்டில்தான் எழுத வேண்டும். 150-ஐ 1024-ஆல் பெருக்கி 153600. சி 100-லிருந்து 250 ஆகி நீலத்துக்குத் திரும்பியது. மீதிப் புறம்போக்கில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம். எழுத்து டி, முறை என்.டி.எஃப்.எஸ்., க்விக் ஃபார்மேட். ஃபினிஷ். எல்லாம் சேர்த்து ஒரு காபி ஆறுகிற நேரம். பயந்த நேரம்தான் அதிகம்.

அழித்தபோது உண்மையில் என்ன அழிந்தது என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. பதிவேட்டில் ஒரு வரி. பட்டா ரத்தானாலும் வீடு அங்கேயே நிற்கும் இல்லையா, அது மாதிரி சுழலும் டிஸ்க்கில் ஃபைல்கள் அப்படியே கிடக்கும், மேலே வேறொன்று எழுதும் வரை. அதனால்தான் தவறுதலாக அழித்தவர்கள் உடனே கையை எடுத்துவிட்டு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச சாஃப்ட்வேரை வைத்துப் பல சமயம் மீட்டிருக்கிறார்கள். எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கை வேண்டாம். 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்து, ஃபார்மேட் செய்தவுடனேயே 'இந்த இடமெல்லாம் காலி' என்று டிஸ்க்குக்குத் தகவல் போய்விடும். ட்ரிம் என்று பெயர். டிஸ்க்கும் தன் பாட்டுக்குச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடும். பட்டா ரத்தான கையோடு புல்டோசர்.

அழிக்காமல் சமாளிக்கவும் ஒரு உபாயம் உண்டு. டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி ஃபோல்டர்களை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் என்ற பக்கத்துக்குப் போய் டி-க்குக் குடிமாற்றிவிடலாம். பாதிப் பேருடைய சி டிரைவ் மூச்சுத் திணறலுக்கு டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் காரணம். வரப்பைத் தொடாமலே வைத்தியம் முடிந்துவிடும்.

சி மட்டுமே இருக்கிறவர்கள் அதைக் குறைத்து டி உண்டாக்க ஷ்ரிங்க் வால்யூம் போதும். 2007-ல் விஸ்டாவோடு வந்த வசதி இது. அதற்கு முன் பார்ட்டிஷன் மேஜிக் என்று காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கினார்கள். ஷ்ரிங்க் கொடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். 300 ஜிபி காலியாக இருக்கும். '20 ஜிபிதான் குறைக்க முடியும்' என்று சொல்லும். பொய் இல்லை. நிலத்தின் வலது கோடியில் ஏதோ ஒரு நகர்த்த முடியாத ஃபைல் மைல்கல் மாதிரி நட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேஜ் ஃபைல், ஹைபர்னேட் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோருக்காக எடுத்து வைத்த பிரதிகள் ஆகியவைதான் வழக்கமான சந்தேக நபர்கள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, குறைத்துவிட்டு, மறக்காமல் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எந்த ஃபைல் தடுத்தது என்று ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணில் எழுதியே வைத்திருக்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் பிட்லாக்கர் பூட்டு இருக்கலாம். 48 இலக்க ரெக்கவரி சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். அந்தச் சாவியையும் அதே சி டிரைவில் ஒரு நோட்பேட் ஃபைலில் வைத்திருக்கிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

* * *

டிராயரில் ஏன் பூட்டச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

விண்டோஸில் இன்னொரு சர்வேயர் இருக்கிறார். டிஸ்க்பார்ட். கறுப்புத் திரையில் வேலை பார்ப்பவர். படம் கிடம் ஒன்றும் காட்டமாட்டார். லிஸ்ட் டிஸ்க் என்றால் டிஸ்க்குகளை நம்பர் போட்டுச் சொல்வார். செலக்ட் டிஸ்க் ஒன்று என்றால் சரி என்பார். க்ளீன் என்றால் அந்த டிஸ்க்கின் மொத்தப் பதிவேட்டையும் கிழித்துப் போடுவார். 'நிஜமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேள்வியே கேட்காத ஊழியர் எவ்வளவு ஆபத்து என்பது ஆபீஸில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

16 ஜிபி பென் டிரைவ் ஏதோ கோளாறில் சில நூறு எம்பி என்று காட்டும்போது அதைச் சரிசெய்ய இந்த க்ளீன் ரொம்பப் பிரசித்தம். யூட்யூபில் பார்த்துப் பார்த்து அடிப்பார்கள். விண்டோஸ் எந்த டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதைத் துடைக்க டிஸ்க்பார்ட் மறுத்துவிடும். உட்கார்ந்த கிளையை வெட்டாத அளவுக்கு அவருக்குப் புத்தி உண்டு. மறுக்காதது எதை? பக்கத்தில் செருகியிருக்கும் பேக்கப் டிஸ்க்கை. பென் டிரைவ் 2, பேக்கப் 1 என்று இருக்கும். விரல் ஒரு இன்ச் தள்ளி விழும். எனவே வரப்பு வேலை நடக்கும்போது பத்திரப்படுத்திய டிஸ்க் மெஷினில் செருகி இருக்கவே கூடாது. நம்பரை நம்பாமல் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது பாதுகாப்பு.

இதன் தம்பி ஒன்றும் உண்டு. யாரோ கொடுத்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் 'இதை உபயோகிக்க ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் மரியாதையாகக் கேட்கும். உள்ளே ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். மேக்கில் எழுதிய டிஸ்க்காக இருக்கலாம், லினக்ஸாக இருக்கலாம். தமிழ் தெரியாதவர் கையில் கல்வெட்டு கிடைத்த மாதிரி. கேன்சல் அழுத்திவிட்டு, கொடுத்தவருக்குப் போன் போடுங்கள்.

மேக் என்றதும் ஞாபகம் வருகிறது. 2017-லிருந்து மேக்கில் ஏ.பி.எஃப்.எஸ். என்று ஒரு முறை. அதில் ஒரே நிலத்தில் பல டிரைவ்கள் இருந்தாலும் நடுவில் வரப்பு கிடையாது, காலியிடம் எல்லோருக்கும் பொது. யாருக்கு எப்போது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கூட்டுக் குடும்பத்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் டிஸ்க் போனால் எல்லாம் சேர்ந்துதான் போகும்.

புது டிரைவுக்குப் பெயர் வைக்கும் கட்டத்தில் விண்டோஸ் 'நியூ வால்யூம்' என்று தானே எழுதி வைத்திருக்கும். அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் எது எதுவென்று தெரியாது. தமிழிலேயே வைக்கலாம். என்.டி.எஃப்.எஸ்.ஸில் 32 எழுத்து வரை போகும். ஆனால் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணும். 'முக்கியமானவை' என்று வைத்தால் பன்னிரண்டு எழுத்து போயிற்று. நம் நண்பர் டி-க்கு 'சினிமா' என்று பெயர் வைத்தார். டிராயரில் இருந்த டிஸ்க்குக்கு என்ன பெயர் வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதினோரு ஃபைலையும் இன்னொரு பென் டிரைவில் போட்டு ஊரில் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார் என்று மட்டும் தெரியும்.